மாடியா, கொல்லையா? ஆடிக்கு முன்னால் எங்கள் வீட்டுக் காய்கறிக் கணக்கு

அக்னி நட்சத்திரம் முடிய நாலு நாள் இருக்கும்போதுதான் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கியது. மாடியில் ஒரு பக்கம் கூழ்வத்தல், இன்னொரு பக்கம் மோர்மிளகாய். நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் ராத்திரி பிள்ளைகள் பாய் விரித்துப் படுப்பார்கள். நாத்தனாரின் இரண்டு பையன்களும் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தார்கள். என் மகளோடு சேர்த்து மூன்று பேர். மாம்பழக் கூடை காலி, கதை காலி, போனில் டேட்டாவும் காலி.

அன்று வாங்கிவந்த வெண்டைக்காய் நுனி ஒடியாத முற்றல். பெரியவன் பாட்டியிடம் கேட்டான்: "அம்மாச்சி, சின்னப் பிள்ளையா இருந்தப்போ நீங்களும் கடையிலதான் வாங்குனீங்களா?" மாமியார் பதிலே சொல்லவில்லை, சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "கொல்லை சும்மாதானம்மா கிடக்கு" என்றார். வீட்டுக்காரர் உடனே, "கொல்லையில பெருச்சாளி திங்கவா? மாடியில பை வாங்கி வைப்போம்" என்றார். அவ்வளவுதான், வீடு இரண்டாகிவிட்டது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதே மே மாதம் ஆசையோடு பதினெட்டுப் பை வாங்கி மாடியில் அடுக்கினேன். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் போட்டேன். லீவு இருந்தவரை மகள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். ஜூனில் பள்ளி திறந்தது. புத்தகம், சீருடை, ஆட்டோ, டிபன் பாக்ஸ் என்ற ஓட்டத்தில் ஒரு வாரம் மாடி ஏறவே இல்லை. ஏறிப் பார்த்தபோது வெண்டை மட்டும் உயிரோடு நின்றது. அதனால் இந்தத் தடவை எது வாங்குவதற்கும் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுவோம் என்றேன். எங்கள் கணக்கு மதுரைக் கணக்கு. கடலோரத்திலோ கோவையிலோ இருப்பவர்கள் காற்றையும் தண்ணீரையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாத்தி கட்டலாமா?

எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தது. மாடியில் செங்கல் பாத்தி, மாடியில் பை, மாடியில் பழைய வாளியும் டிரம்மும், கீழே கொல்லைத் தரை.

முதலாவதை ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டோம். பத்தடி நீளம், நாலடி அகலம், முக்கால் அடி உயரத்துக்கு மண் போட்டால் முப்பது கன அடி, அதாவது சுமார் 850 லிட்டர். நனைந்த மண் லிட்டருக்கு 1.7 கிலோ என்று வைத்தால் 1,450 கிலோ வருகிறது. அந்த இடம் நாலு சதுர மீட்டர்கூட இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு 390 கிலோ ஏறுகிறது. ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 விதி (கட்டடம் தாங்க வேண்டிய எடைக்கான இந்தியத் தர விதி) கணக்கில் எடுக்கச் சொல்வது சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. கூடவே, தளத்தை ஒட்டியே எப்போதும் ஈரம் நிற்கும். தட்டோடுக்கு இடையே பூசின சாந்து எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கென்றே கம்பி கணக்குப் போட்டு, நீர்க்காப்பு செய்து கட்டின வீடு என்றால் வேறு பேச்சு. எங்களுடையது இருபது வருடத்துக்கு முன் கட்டிய வீடு. வேண்டாம்.

பையா, வாளியா?

இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஐந்து வருடமாக இரண்டையும் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றல்ல.

கடைகளில் அதிகம் கிடைப்பது 24க்கு 24க்கு 40 சென்டிமீட்டர் பை. மேலே ஐந்து சென்டிமீட்டர் விட்டு நிரப்பினால் இருபது லிட்டர் பிடிக்கும். வெறும் மண்ணாகப் போட்டால் நனைந்தபின் 34 கிலோ. தென்னைநார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு என்று கலந்தால் இருபது கிலோ சொச்சத்தில் நிற்கும். மாடிக்கு இந்த வித்தியாசம் பெரிது. தூக்கி நகர்த்தப்போகும் இடுப்புக்கும் பெரிது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளை என்ற தொகுப்பிலும் (கிட்) பை, தென்னைநார்க் கட்டி, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் என்றுதான் வரும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

தென்னைநார்க்கழிவில் ஒரு சங்கதி உண்டு. கட்டியை ஊறவைத்து உதிர்த்து நேரே பையில் கொட்டிவிடக் கூடாது. உப்பு இருக்கும். பெரிய டப்பில் போட்டு, வடிகிற தண்ணீர் தேநீர் நிறம் மாறி வெளிறும் வரை இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். அலசினாலும் பச்சைநாரில் சத்து கிடையாது. அது மட்குவதற்கே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு இரண்டு மாதம் மட்க வைக்கும் முறையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தருகிறது. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் மட்கவைத்ததாகவே கேட்டு வாங்கலாம். ஒரு தடவை நான் ஒரு கடையில் "ரெடி கலவை" என்று வாங்கி, அலசாமல் போட்டேன். கத்தரி நாற்றின் இலையோரம் முழுக்கக் கருகியது. கடைக்காரர் வெயில் என்றார். அடுத்த மூட்டையை அலசிப் போட்டேன், அதே வெயிலில் நன்றாக வந்தது.

பையின் பலவீனம் மே, ஜூனில் தெரியும். அதன் மேற்குப் பக்கத்தை மாலை நாலு மணிக்குக் கையால் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில்தான் வேர் இருக்கிறது. மண் அதிகமாகப் போட்ட பையில் மண் காய்ந்து சுருங்கி ஓரத்தில் விரிசல் விடும். நாம் ஊற்றும் தண்ணீர் அந்த விரிசல் வழியாகவே இறங்கிக் கீழே ஓடிவிடும். பை நனைந்ததுபோல் இருக்கும், நடுவில் காய்ந்து கிடக்கும். மலிவான பை ஒரு கோடையிலேயே விளிம்பு உதிர ஆரம்பித்துவிடும். இரண்டாம் வருடம் தூக்கினால் பிடி மட்டும் கையோடு வரும்.

பெயிண்ட் வாளி இந்த விஷயத்தில் தேவலை. இருபது லிட்டர் வெள்ளை வாளி, பழைய இரும்புக்கடையிலோ பெயிண்டரிடமோ கிடைக்கும். வெள்ளையாக இருப்பதால் சூடு குறைவு. பிடி உறுதி. என் வாளிகளுக்கு ஐந்து வயது, இன்னும் உழைக்கின்றன. வாளியின் அடியில் ஓட்டை போடக்கூடாது என்பது நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது. அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே, பக்கவாட்டில் நாலு ஓட்டை போட வேண்டும். அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். ஒரு நாள் மறந்தாலும் செடி தாங்கும். தளமும் செம்மண் கறை பிடிக்காது. உள்ளே ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்டி எடுத்துக் கழுவியபிறகுதான் மண் போட வேண்டும். எண்ணெய் பெயிண்ட், தின்னர் இருந்த டின் எனக்குச் சம்மதமில்லை. பூச்சிமருந்து வந்த கேன் எவ்வளவு சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

நீல டிரம்மை இரண்டாக அறுத்து வைப்பவர்கள் உண்டு. கறிவேப்பிலை, எலுமிச்சை, கொடி வகைகளுக்கு அதுதான் சரி. ஆனால் அரை டிரம் நிரம்பினால் நூறு கிலோவைத் தாண்டும். சுவருக்கு மேலாக, உத்திரம் ஓடும் வரியில் வைக்க வேண்டும். மாடி நடுவில் அல்ல.

தண்ணீர் கணக்குக்கு வருவோம். மே மாதத்தில் ஒரு பைக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை லிட்டர். இருபது பை, இரண்டு வேளை என்றால் அறுபது லிட்டர், அதாவது நாலு குடம். தினமும் நாலு குடம். மாடித் தொட்டியில் குழாய் போட்டால் தூக்க வேண்டாம்தான். ஆனால் மதியத்துக்குமேல் அந்தக் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கை பொறுக்காது. மகள் ஒரு நாள் மூன்று மணிக்கு அக்கறையாக ஊற்றிக் கீரை நாற்றை அவித்தே விட்டாள். அப்புறம் எங்கள் போர் தண்ணீர் உப்பு. நாலு மாதத்தில் பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். தரையில் மழை அதைக் கரைத்து ஆழத்துக்கு இறக்கிவிடும். பையில் அடியில் வழியும் வரை நல்ல தண்ணீர் விட்டு நாம்தான் அலச வேண்டும். ஏசி வடிதண்ணீரைப் பிடித்து வைத்தால் உதவும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

கொல்லையில் கோடு போட்டது

மாமியாரின் கட்சியை நான் முதலில் அவ்வளவு மதிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீடு தெற்குப் பார்த்த வாசல். கொல்லை வடக்கே. ஆறடி அகலம், இருபத்திரண்டு அடி நீளம். ஒரு மூலையில் துவைக்கிற கல், இன்னொரு மூலையில் முருங்கை. (அது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1. விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய்த்துவிட்டது. வீட்டில் நாங்கள் உழைக்காமல் சோறு போடுவது அது ஒன்றுதான்.) வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் இருக்கிறதே, வெயில் எங்கே வரும் என்பது என் எண்ணம். காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று நாலு மணி போதும்.

சரி, பார்த்துவிடுவோம் என்று பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுத்தேன். மணிக்கு ஒரு தடவை கொல்லைக்குப் போய், நிழல் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போட்டு மணியை எழுத வேண்டும். ஒரு கோட்டுக்கு ஒரு நுங்கு. இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது என்பதே பெரிய லாபம்.

கோடுகளைப் பார்த்து நான்தான் அசந்துபோனேன். காலை எட்டரை முதல் மாலை மூன்றரை வரை பெரும்பகுதிக் கொல்லையில் வெயில் நின்றது. உச்சிவேளையில் வீட்டின் நிழல் கொல்லைப் பக்கமே வரவில்லை. வாசல் பக்கம், தெற்கே விழுந்தது. சின்னவன், "தப்பாப் போட்டுட்டமா?" என்று கேட்டான். தப்பில்லை. மதுரை கிட்டத்தட்ட பத்து பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, அதற்குமேல் வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்பும். இடைப்பட்ட நாலு மாதமும் மத்தியான வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வடக்குக் கொல்லைக்கு யோகம்.

ஆனால் இதே கோட்டை நம்பி தை மாதத்துக்குத் திட்டம் போட்டால் ஏமாந்துபோவோம். ஜனவரியில் மத்தியானச் சூரியன் உச்சியிலிருந்து முப்பது பாகைக்கும்மேல் தெற்கே சாய்ந்திருக்கும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து எங்கள் வீட்டு உயரம் பதினாலு அடி. அதன் நிழல் உச்சிவேளையிலேயே எட்டடிக்கு நீளும். கொல்லையோ ஆறடி. ஆக கார்த்திகை முதல் தை வரை கொல்லை முழுக்க நிழல். அந்த மாதங்களில் அங்கே வெண்டை போட்டால் வெயிலைத் தேடி நெட்டையாக வளர்ந்து நிற்கும், காய்க்காது.

இதைக் கண்டுபிடித்தபிறகு மாடியா கொல்லையா என்ற கேள்வியே எனக்குப் பழசாகிவிட்டது. எந்த மாதத்துக்கு எது என்றுதான் கேட்க வேண்டும். ஆடிப்பட்டத்துக்குக் கொல்லை. மார்கழி, தைக்கு மாடி. உங்கள் கொல்லை தெற்கில் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும். கிழக்கு, மேற்கு என்றால் பக்கத்து வீட்டு உயரம்தான் தீர்மானிக்கும். எதுவானாலும் பை வாங்குவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள்.

கொல்லையில் குறை இல்லாமல் இல்லை. ஒரு அடி தோண்டியதும் ஜல்லி, செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட், ஒரு முழு பிளாஸ்டிக் செருப்பு எல்லாம் வந்தது. வீடு கட்டினவர்கள் எல்லாவற்றையும் அங்கேதான் தள்ளி மூடியிருக்கிறார்கள். முழுதாக மாற்றினால் டிராக்டரில் மண் இறக்க வேண்டும். அது வேண்டாம் என்று குழி முறைக்குப் போனோம். ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் ஆறு குழி. எடுத்த கற்களை ஒதுக்கிவிட்டு, சலித்த மண்ணோடு மட்கிய சாணி, செம்மண் கலந்து திரும்ப நிரப்புவது. பெருச்சாளியைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னதும் உண்மைதான். கிழங்கு வகையும் தரையில் படரும் பூசணியும் எங்கள் கொல்லையில் தேறாது. பந்தலில் தொங்கும் காய்க்கு அது எட்டாது. மழைக்காலத்தில் நத்தை வரும், ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டும். மாடிக்கு நத்தை இல்லை, அணில் உண்டு.

துவைக்கிற கல்லின் தண்ணீரைத் திருப்பிவிடலாமே என்றார் வீட்டுக்காரர். சோப்புத்தூள் தண்ணீரைக் கீரைக்கும் காய்க்கும் விட எனக்கு மனசில்லை. வேண்டுமானால் ஒரு வாழை வைத்து அதற்கு விடலாம். கடைசியாக அலசும் தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் மட்டும் கொடிக்கு ஊற்றலாம் என்று சமாதானம் ஆனது.

இப்போதா, ஆடியிலா?

பிள்ளைகளுக்கு உடனே விதைக்க வேண்டும். அவர்கள் ஊருக்குப் போவதற்குள் எதையாவது பறித்துவிட வேண்டும். அந்த ஆசை நியாயமானது. ஆனால் மே கடைசியில் மதுரையில் விதை போடுவது, நானே பட்ட பாடு, கஷ்டம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குமேல் போய், ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் தக்காளி பூவை உதிர்த்துவிடும். செடி பார்க்கப் பச்சையாக இருக்கும், காய் பிடிக்காது. மிளகாயும் அப்படித்தான். ஐம்பது சதவீத நிழல்வலை கட்டினால் இலை கருகாமல் இருக்கும். ராத்திரிப் புழுக்கத்துக்கு வலை என்ன செய்யும்? வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை இந்த வெயிலைத் தாங்கும். தாங்குவதற்கும் தினம் நாலு குடம் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், விதைத்தவர்களும் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் வேறு வேறு ஆளாகிவிடுவது. மே 25இல் போட்ட வெண்டை முதல் காய் கொடுக்க நாற்பத்தைந்து நாள். அதற்குள் சென்னைப் பையன்கள் போய்விடுவார்கள். பள்ளி ஜூன் முதல் வாரமோ இரண்டாம் வாரமோ திறக்கும். 2023, 2024 இரண்டு வருடமும் வெயிலைப் பார்த்து இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். தள்ளினாலும் ஒரு வாரம்தான். அதற்கப்புறம் காலை ஆறிலிருந்து எட்டரை வரை இந்த வீட்டில் யாருக்கும் கை காலி இல்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, மாடி ஏற மாட்டார். ஆனால் கொல்லையில் தினமும் காலை அரை மணி நேரம் நிற்பார், பாத்திரம் கழுவும்போதோ சும்மாவோ. மாடியில் வைத்தால் தோட்டம் என் ஒருத்தி தலையில். கொல்லையில் வைத்தால் அவருடையது. கொல்லைக்கு நான் ஓட்டுப் போட்டதற்கு வெயிலுக்கு அடுத்தபடி இதுதான் காரணம். சொல்லப்போனால் முதல் காரணமே இதுவாகக்கூட இருக்கலாம்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை வீட்டுக்காரரும் சொன்னார், ஆனால் மாடிக்காக. அங்கேதான் பிசகு. ஆடியில் மண் குளிரும், வெயில் தணியும், அப்பப்போ சாயங்கால மழையும் வரும், சரிதான். கூடவே மேல்காற்றும் வரும். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஜூனில் தொடங்கி ஆவணி வரை அடிக்கிற காற்று. அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த காற்றில், மொட்டை மாடியில் நாலடி உயர வெண்டைச் செடி இருபது கிலோ பையில் என்ன செய்யும்? சாயும். சாயாவிட்டால் இலை கிழியும். தென்னைநார்க் கலவை காற்றில் இரண்டு மடங்கு வேகமாகக் காயும். கட்டின நிழல்வலை பாய்மரம் மாதிரி இழுத்துக்கொண்டு போய் ஒரு தடவை எதிர்வீட்டு ஆன்டெனாவில் சிக்கியது. பழமொழி வயலுக்குச் சொன்னது. வயலில் செடி ஒன்றையொன்று அணைத்து நிற்கும். எங்கள் கொல்லைக்கும் மூன்று பக்கம் சுவர் இருக்கிறது. மாடிக்கு எதுவும் இல்லை.

ஆக மே மாதத்தை மண் வேலைக்கு ஒதுக்கினோம். குழி தோண்டி இரண்டு வாரம் வெயிலில் திறந்து போட்டால் புழு, கூட்டுப்புழு, களை விதை பாதி செத்துவிடும். அதற்கு அக்னி வெயிலைவிட நல்ல மருந்து கிடையாது. பிள்ளைகள் மண் சலித்தார்கள், நார்க்கட்டி அலசினார்கள் (குளித்தார்கள் என்றும் சொல்லலாம்). அவர்கள் பறிப்பதற்கென்று ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தை ஊறவைத்துத் தூவி, கொல்லை நிழலில் வைத்தோம். மூன்றாம் நாள் முளைத்தது. இரண்டு வாரத்தில் பறித்து மாமியார் வெந்தயக்கீரைச் சப்பாத்தி போட்டார். பள்ளி திறக்குமுன் விளைந்து முடிகிற பயிர் என்றால் அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

எதைப் போடுவது

இந்தக் கேள்வியில்தான் ஆசை நம்மை அதிகம் ஏமாற்றும். வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்க்கத் தொடங்கிய செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் தரும். ஒரு காய் பதினைந்து கிராம். ஐந்து பேருக்குப் பொரியல் என்றால் அரைக் கிலோ, அதாவது முப்பத்தைந்து காய். வாரத்தில் ஒரே ஒரு நாள் வெண்டைக்காய் பொரியலுக்குப் பத்துச் செடி வேண்டும். பைக்கு இரண்டு செடி என்றால் ஐந்து பை. இரண்டு பை வைத்தவர்கள் "காய்க்கவே இல்லை" என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது புரியும். காய்க்கிறது. தினம் ரெண்டு காய். அது சாம்பாரில் மிதக்கத்தான் ஆகும்.

கொடி வகை நேர்மாறு. ஒரு பீர்க்கு, ஒரு புடலை, ஒரு சுரை, மூன்று குழி போதும். பந்தல் போட்டால் நமக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். பைக்குள் கொடி அடங்காது, வேர் ஓட இடம் கேட்கும். தரைக்கு அது பெரிய சாதகம். பந்தல் ஏழடி உயரம் என்பதால் ஐப்பசியில் வீட்டு நிழல் கொல்லைத் தரையைத் தொட ஆரம்பித்தாலும் மேலே இலைக்கு வெயில் கிடைக்கும். ஆடியில் போட்டது அதற்குள் பெரும்பாலும் காய்த்து ஓய்ந்துவிடும். முதலில் வரும் பூவெல்லாம் உதிர்கிறதே என்று பதற வேண்டாம், அவை ஆண்பூ. பீர்க்கும் சுரையும் மாலையில் பூக்கும், பாகல் காலையில். எனக்குப் பிடித்தது பாகல்தான், ஆனால் பழ ஈ வந்தால் ஒன்று விடாமல் குத்திவிடும். பிஞ்சுக்குக் காகிதப் பை கட்ட நேரமுள்ளவர்கள் போடலாம்.

கத்தரி மூன்று செடி போதும். கீரை எங்கேயும் வரும், வாளியிலும் வரும். 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை அறுத்து அறுத்து விடலாம். இடத்துக்கும் உழைப்புக்கும் இவ்வளவு திருப்பிக் கொடுப்பது வேறு இல்லை. தக்காளியைக் கார்த்திகைக் கடைசியில் நாற்றுவிட்டு மார்கழியில் மாடி வாளிக்கு மாற்றினால் போதும். மதுரை ராத்திரி அப்போதுதான் குளிரும், காற்றும் இருக்காது.

நாட்டு விதையா ஒட்டு விதையா என்று பெரிய சண்டையே நடக்கிறது. எங்கள் வீட்டில் அது பத்து நிமிடத்தில் முடிந்தது. கொடிக்கு நாட்டு விதை. மாமியார் முற்றவிட்ட பீர்க்கங்கூட்டை உடைத்து எடுத்து, சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து வைத்திருக்கிறார். வெண்டைக்கு மட்டும் மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்குகிற ரகமாகக் கடையில் வாங்குகிறேன். வெள்ளை ஈ பரப்பும் அந்த நோய் வந்த செடியைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை, பத்துச் செடியில் நாலு போனால் பொரியலே போச்சு. மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில். வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

இப்போது நிலவரம்

கொல்லையில் ஆறு குழி திறந்து கிடக்கிறது. மூன்று கொடிக்கு, மூன்று கத்தரிக்கு. சுவரோரமாக வெண்டைக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு வரி. விதைப்பு ஆடி முதல் வாரம். பதினெட்டாம் பெருக்குக்குள் எல்லாம் முளைத்து நிற்க வேண்டும் என்பது மாமியாரின் கெடு. மாடியில் நாலு வெள்ளை வாளியில் கீரையும் புதினாவும் மட்டும், கைப்பிடிச் சுவரின் கிழக்கு நிழலில். மீதி வாளியும், பிழைத்த ஏழு பையும் மாடிப்படிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், மார்கழி வரை. மாடி வழக்கம்போல வத்தலுக்கும் பாய்க்கும்.

வீட்டுக்காரருக்கு அரை மனசுதான். மாடியில் பத்துப் பையாவது வைத்துப் பார்க்கலாமே என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் ஊற்றுவது நீங்கள் என்றால் வையுங்கள் என்றேன். பேச்சு அத்தோடு நிற்கிறது.

பையன்கள் ரயில் ஏறி ஒரு வாரம் ஆகிறது. கொல்லைச் சுவரில் போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எழுதிய பதினோரு மணி மட்டும் தண்ணீர் பட்டுப் போய்விட்டது. பெரியவன் நேற்று போனில், டிசம்பர் லீவுக்கு வந்து வீட்டு நிழல் நிஜமாகவே எட்டடி வருகிறதா என்று அளக்கப்போவதாகச் சொன்னான். வந்தால் கோட்டுக்கு ஒரு நுங்கு வேண்டுமாம். டிசம்பரில் நுங்குக்கு நான் எங்கே போவது?